பளபளக்கும் குரோம், பேர் இல்லாத கைகள்: பழைய பிரிட்டிஷ் காரைக் கண்காட்சிக்குத் தயார் செய்பவர்கள் யார்?

ஐம்பது வயதைத் தாண்டிய காருக்கு இந்த நாட்டில் தனி விதி இருக்கிறது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'விண்டேஜ்' என்று அங்கீகரித்தது. 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். தினசரி ஓட்டக்கூடாது, வணிகத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுத்துப் போகலாம். பழைய இரும்பைப் பாதுகாக்க இவ்வளவு அக்கறையோடு ஒரு விதி.

அக்கறை நல்லதுதான். பழைய கார் மேல் எங்களுக்குப் பகை கிடையாது. மோரிஸ் மைனர் தெருவில் வந்தால் நாங்களும் நின்று பார்ப்போம். ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன்பக்கம் முழுசாகத் தூக்கித் திறப்பதைப் பார்த்து வியந்தவர்கள்தான் நாங்களும். எங்கள் சண்டை காரோடு இல்லை. அந்தக் காரைச் சுற்றிக் கட்டப்படும் 'பாரம்பரியம்' என்ற பேச்சோடுதான். யாருடைய உழைப்பைத் துடைத்துவிட்டு யாருடைய பெயர் பளபளக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்க வேலூரை விடப் பொருத்தமான ஊர் இல்லை. பழைய பிரிட்டிஷ் காரில் கண்ணைப் பறிக்கும் பொருட்கள் இரண்டு. ஒன்று வெளியே மின்னும் குரோம். மற்றொன்று உள்ளே மணக்கும் தோல். இரண்டின் கதையும் பாலாற்றங்கரையில் இருக்கிறது. இரண்டின் கழிவும் எங்கள் கிணற்றில் இருக்கிறது.

முதலில், கண்காட்சிக்கு ஒரு பழைய காரை எப்படித் தயார் செய்கிறார்கள் என்று பார்ப்போம். கார் இதழ்களில் 'ஓனர் இரண்டு ஆண்டு உழைத்து மீட்டெடுத்தார்' என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் குறைந்தது ஆறு தொழிலாளிகள் புதைந்து கிடக்கிறார்கள்.

டிங்கர் வருகிறார். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகட்டைப் பழைய வளைவுக்கு அடித்துப் பொருத்துகிறார். பிரிட்டிஷ் காரின் மட்கார்டு வளைவு எந்தக் கடையிலும் விற்பதில்லை. அது அவருடைய சுத்தியலிலும் கண்ணிலும் இருக்கிறது. அடுத்து பெயின்டர். பழைய பெயின்டைச் சுரண்டி, பட்டி வைத்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, கலர் அடிக்கிறார். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கும். காய்ந்த பெயின்டைத் தேய்க்கும்போது பறக்கும் தூசி அந்த ஈயத்தோடு அவர் நெஞ்சுக்குள் போகிறது. இன்றைய இரண்டு பாகக் கலவைப் பெயின்டில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். மூக்கில் கட்டியிருக்கும் கைக்குட்டைக்கு அதைத் தடுக்கும் திறன் இல்லை.

மெக்கானிக் பிரேக் டிரம்மைக் கழற்றுகிறார். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்முக்குள் படிந்த தூசியை ஏர் பிடித்து ஊதுவதுதான் பல பட்டறைகளில் வழக்கம். ஊதுவது பெரும்பாலும் மெக்கானிக் அல்ல, அவர் பக்கத்தில் நிற்கும் பையன். எலக்ட்ரீஷியன் அறுபது வருடத்து ஒயரிங்கை ஒயர் ஒயராகப் பிரித்துக் கட்டுகிறார். குஷன் வேலைக்காரர் சீட்டைப் பிரித்து, ஸ்பிரிங்கைச் சீர்செய்து, பழைய தையலின் வரிசை மாறாமல் புதுத் தோலோ ரெக்சினோ தைக்கிறார். பம்பரும் கிரில்லும் ஹெட்லைட் வளையமும் பிளேட்டிங் கடைக்குப் போகின்றன. அங்கே ஒருவர் பஃபிங் சக்கரத்தின் முன் நின்று தேய்க்கிறார். இன்னொருவர் செம்பு, நிக்கல், குரோம் என்று தொட்டி தொட்டியாக முக்கி எடுக்கிறார்.

கண்காட்சி அன்று காலை இவர்களில் யார் மைதானத்தில் இருக்கிறார்கள்? பெரும்பாலும் ஒருவர் மட்டும். வண்டி திடீரென்று நின்றுபோனால் தள்ளவும், தூசி படிந்தால் துடைக்கவும் ஒரு துணியோடு நிற்பவர்.

காரின் முன்னால் ஒரு பலகை வைப்பார்கள். கம்பெனி, மாடல், ஆண்டு, என்ஜின் கொள்ளளவு, உரிமையாளர் பெயர். விவரம் தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்ப்பார்கள்: ஹெரால்டை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி. உண்மைதான். ஆனால் நம் தெருக்களில் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு இங்கிலாந்திலிருந்து மிதந்து வந்த வண்டி அல்ல. சென்னைக்கு அருகே வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலையில், 1961 முதல் தமிழ்த் தொழிலாளிகள் செய்த வண்டி. 1988இல் அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தி நின்றது. அந்தத் தகட்டை அடித்தவர், வெல்டு வைத்தவர், சீட்டு தைத்தவர் பெயர் எந்தப் பலகையிலாவது உண்டா? ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கோடு வரைந்த இத்தாலியரின் பெயர் நமக்கு மனப்பாடம். ஊரில் தகடு அடித்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. இதை மறதி என்று எங்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. யார் செய்தால் கலை, யார் செய்தால் கூலி என்று இந்தச் சமூகம் பல நூறு ஆண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கும் கணக்கின் தொடர்ச்சி இது.

தோலை எடுத்துக்கொள்வோம். பழைய ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் பற்றிப் பேசினால் 'கானலி லெதர்' என்று ஒரு பெயர் கட்டாயம் வரும். 1878இல் லண்டனில் தொடங்கிய குடும்ப நிறுவனம். சீட்டுத் தோல் கொடுத்தவர்களின் குடும்பப் பெயர் இன்றும் காரின் விலையைக் கூட்டுகிறது. இங்கிலாந்திலும் தோல் வேலை நாற்றமடிக்கும் வேலைதான். அங்கும் தொழிலாளியை வர்க்கம் நசுக்கியது. ஆனால் தோலைத் தொட்டதால் பரம்பரையே தீட்டு என்று அங்கு ஊருக்கு வெளியே தள்ளி வைக்கவில்லை. அதனால் தோல்காரரின் பெயர் அங்கே முத்திரை ஆனது. இங்கே தோல்காரரின் சாதிப்பெயர் வசைச்சொல் ஆனது.

இத்தனைக்கும் தோலில் நம் ஊர் இளைத்ததா? ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட சென்னை மாகாணத்து மாட்டுத்தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் லண்டன் சந்தைக்குக் கப்பல் கப்பலாகப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்குப் பூட்ஸ் தைக்க அந்தத் தோலை அரசே மொத்தமாக வாங்கியது. 1900களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்தார். அந்தத் தொழிலின் அடையாளம் குரோம்பேட்டை என்று ஊர்ப்பெயராகவே நின்றுவிட்டது. 1970களில் அரைப்பதன் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு வைத்து, முழுப்பதன் தோலுக்கும் செருப்புக்கும் ஊக்கம் கொடுத்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாம் குரோமுக்கு மாறின. உலகத்தின் பெரிய பெரிய பிராண்டுகளின் ஷூ இந்த வட்டாரத்தில் தைக்கப்படுகிறது. அதில் பிராண்டின் பெயர் இருக்கும். ஊரின் பெயர் இருக்காது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவரின் பெயரைக் கேட்கவே வேண்டாம்.

தோல் ஷாப்பின் ஈர வேலையில் நிற்பவர்கள் யார் என்று எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் காலனிகளில் ஒவ்வொரு தெருவிலும் அந்தக் கைகளைப் பார்க்கலாம். சுண்ணாம்பு தின்ற விரல், உரிந்த தோல், ஆறாத புண். இப்போது கூலி இன்னும் குறைய வேண்டும் என்பதற்காக வட மாநிலங்களிலிருந்தும் ஆள் கொண்டுவருகிறார்கள். 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகில் இருந்த தோல் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் மேல் கசடு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் மூச்சை அடைத்தது தோல் கழிவு.

இனி குரோம். பதனிடும் குரோமும் பம்பரில் பூசும் குரோமும் ஒன்றல்ல. தோலுக்குப் போடுவது மூவிணைதிறன் குரோமியம். பிளேட்டிங் தொட்டியில் இருப்பது குரோமிக் அமிலம், அதாவது ஆறிணைதிறன் குரோமியம். இரண்டாவது மிகக் கொடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருள்களில் வைத்திருக்கிறது. தொட்டியில் மின்சாரம் பாயும்போது எழும் ஆவியைத் தொடர்ந்து மூச்சில் இழுத்தால் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழும். தோலில் பட்டால் குழிப்புண் வரும். தொட்டிக்கு மேல் ஆவியை உறிஞ்சும் விசிறி, கையுறை, முகக்கவசம், கழிவைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு இவ்வளவும் இருந்தால் ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம். இது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. செலவு. அந்தச் செலவைத்தான் யாரும் செய்வதில்லை.

ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்டது. தோல் தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்த இடம் அது. மூடிவிட்டுப் போனவர்கள் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை வெட்டவெளியில் குவித்துவிட்டுப் போனார்கள். மழை பெய்யும்போதெல்லாம் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிந்து நிலத்தில் இறங்கியது. ஆண்டுக்கணக்கில் குழு வந்தது, ஆய்வு வந்தது, அறிக்கை வந்தது. ஐம்பது வயதுக் காரின் பம்பரில் ஒரு கீறல் விழுந்தால் துடிக்கிற பாரம்பரியப் பற்று, ஒரு ஊரின் நிலத்தடி நீரில் விழுந்த ஓட்டைக்கு ஏன் துடிக்கவில்லை?

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக எழுதிய தீர்ப்பு அது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிர் செய்ய இயலாததாகிவிட்டது என்று அதிலேயே பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்துத் தீர்ப்புச் சொல்லி, கண்காணிக்கக் குழு அமைக்கவும் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. இடையில் 28 ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து, அந்தத் தண்ணீரைக் குடித்து, அதே ஷாப்புக்கு வேலைக்குப் போய்விட்டது.

அந்த 1996 தீர்ப்பின் பக்கங்களில் எங்கள் மாவட்டத்தின் பெயர் 'வட ஆற்காடு அம்பேத்கர்' என்று இருக்கும். இப்போது அந்தப் பெயர் இல்லை. ஏன் என்று இளைய தோழர்கள் பலருக்குத் தெரியாது. இதற்கும் ஒரு வண்டிதான் காரணம். 1997இல் விருதுநகரை மையமாக வைத்து ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். தேவேந்திர குலத்து வீரர் ஒருவரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கலவரம் செய்தார்கள். கலவரம் செய்தவர்களைத் திருத்துவதற்குப் பதிலாக, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரையே அரசு எடுத்துவிட்டது. அந்த அலையில் எங்கள் மாவட்டத்திலிருந்து அம்பேத்கரும் போனார். வண்டியில் யார் பெயர் இருக்கலாம் என்பது இந்த மண்ணில் சின்ன விஷயம் இல்லை. ரத்தம் சிந்திய விஷயம். ஆகவே கண்காட்சிப் பலகையில் ஒரு டிங்கரின் பெயரைக் கேட்பதை அற்பக் கோரிக்கை என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

வண்டியில் யார் உட்காரலாம் என்பதும் அப்படித்தான். 1929இல் சாலிஸ்காவுக்கு வந்த அண்ணல் அம்பேத்கரை ஏற்றிக்கொள்ளக் குதிரை வண்டிக்காரர்கள் யாரும் முன்வரவில்லை. ஓட்டத் தெரியாத நம் ஆள் ஒருவரே வண்டியை ஓட்ட, அண்ணல் தூக்கி எறியப்பட்டுக் காயம்பட்டார். பாரிஸ்டர் பட்டமும் அவரைக் காப்பாற்றவில்லை. பழங்கதை என்று சொல்லாதீர்கள். 1955 முதல் சென்னையில் செய்யப்படும் என்ஃபீல்டு புல்லட்டும் பிரிட்டிஷ் வண்டிதான். இன்று அதன் பழைய மாடல்கள் கண்காட்சிகளில் வரிசை கட்டி நிற்கின்றன. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டிய பட்டியலினக் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள். சாதியைச் சொல்லி, நீ எப்படி இந்த வண்டியை ஓட்டலாம் என்று கேட்டு வெட்டினார்கள் என்பது குடும்பத்தின் புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. ஒருவர் ஓட்டினால் பாரம்பரியம். இன்னொருவர் ஓட்டினால் திமிர். வண்டி அதே வண்டி.

'எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்கிறீர்கள்' என்று சொல்வார்கள். நாங்கள் தேடிப் போய்ப் பார்க்கவில்லை. பட்டறையிலிருந்து மைதானம் வரை நடந்து வந்தோம். வழியில் அது நின்றுகொண்டிருந்தது.

'நாங்கள் வேலை கொடுக்கிறோமே, இந்தக் கலை அழியாமல் காப்பாற்றுகிறோமே' என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்வதில் எங்களுக்குத் தயக்கமில்லை. மோட்டார் பட்டறை எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாசலைத் திறந்தது. குலத்தொழில் என்று யாரும் உரிமை கொண்டாட முடியாத புதுத் தொழில் அது. சாதியைக் கேட்காமல் ஸ்பேனரைக் கையில் கொடுத்த முஸ்லிம், கிறித்துவ, தலித் மேஸ்திரிகளிடம் வேலை கற்று எத்தனையோ பேர் தலைநிமிர்ந்தார்கள். கலையை மதிப்பதாக இருந்தால் கலைஞரையும் மதியுங்கள் என்றுதான் கேட்கிறோம். பல லட்சம் ரூபாய் செலவழித்த காரில், பெயின்டருக்கு ஒரு நல்ல முகக்கவசம் வாங்கப் பணம் இல்லையா? வெளிநாட்டிலிருந்து ஒரு கார்புரேட்டர் கிட் வருவதற்கு மூன்று மாதம் பொறுத்திருப்பவர், கூலியை மட்டும் ஏன் மூன்று தவணையாகப் பேரம் பேசிக் கொடுக்கிறார்?

'இது தனிமனிதப் பொழுதுபோக்கு, இதில் அரசியல் எதற்கு' என்பார்கள். தனிமனிதப் பொழுதுபோக்காக இருந்தால் அரசு எதற்குத் தனி விதி போட்டது? பாரம்பரியம் என்று சொன்ன நொடியே அது பொதுச்சொத்து ஆகிவிடுகிறது. பொதுச்சொத்து என்றால் அதன் கணக்கைக் கேட்க எல்லோருக்கும் உரிமை வந்துவிடுகிறது.

வேலூர்க்காரர்களுக்கு வேறு ஒரு வாகனப் பாரம்பரியமும் உண்டு. பாகாயத்து மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் 1909 வாக்கில் ஒரு பிரெஞ்சு பெஜோ காரில் குடியாத்தம் சாலையில் போய்ச் சாலையோரத்திலேயே நோயாளிகளைப் பார்த்தார். அந்தக் காரை யாரும் அதன் பாலிஷுக்காக நினைவில் வைத்திருக்கவில்லை. அது யாரிடம் போய் நின்றது என்பதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரு வாகனத்தின் மதிப்பை அளக்க அப்படியும் ஒரு அளவுகோல் இருக்கிறது.

எங்கள் கோரிக்கைகள் எளியவை. பழைய கார் கண்காட்சி நடத்தும் எந்த அமைப்பும் நாளைக்கே செய்யக்கூடியவை.

ஒன்று, காரின் முன் வைக்கும் பலகையில் டிங்கர், பெயின்டர், மெக்கானிக், எலக்ட்ரீஷியன், குஷன், பிளேட்டிங் வேலை செய்தவர்களின் பெயரை அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். பரிசு கொடுக்கும்போது அவர்களையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். துணியோடு ஓரத்தில் நிற்க வைக்காதீர்கள்.

இரண்டு, மதிப்பெண் போடும் தாளில் 'ஒரிஜினாலிட்டி'க்கு ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, பாதுகாப்புக்கும் ஒரு கட்டம் சேருங்கள். பெயின்ட் அடித்தவருக்கு முறையான கவசம் இருந்ததா? பிரேக் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தார்களா? பட்டறையில் பதினான்கு வயதுக்குட்பட்ட பையன் வேலை செய்தானா? பதில் இல்லையென்றால் பரிசும் இல்லை.

மூன்று, பம்பரைக் கொடுக்கும் பிளேட்டிங் கடையின் கழிவு எங்கே போகிறது என்று கேளுங்கள். சீட்டுத் தோல் எந்த ஷாப்பிலிருந்து வருகிறது, அங்கே தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா என்று கேளுங்கள். ஒரு திருகாணி சரியான ஆண்டைச் சேர்ந்ததா என்று கேட்கத் தெரிந்த உங்களுக்கு இந்தக் கேள்விகளும் கேட்க முடியும்.

நான்கு, அரசுக்கு. பழைய காருக்கு விதி போட்ட வேகத்தில் பாதி வேகமாவது ராணிப்பேட்டைக் குரோமியக் கழிவை முற்றிலும் அகற்றுவதிலும், 2025 தீர்ப்பின்படி இழப்பீட்டைக் கொடுத்து முடிப்பதிலும் காட்டுங்கள். இழப்பீட்டுப் பட்டியலில் நிலம் வைத்திருப்பவர் மட்டும் வரக்கூடாது. அந்த நிலத்தில் கூலி வேலை செய்து, நிலம் செத்ததால் பிழைப்பு இழந்தவரும் வர வேண்டும். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத எங்கள் மக்களே அதில் அதிகம்.

பட்டறைத் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வேலையைப் படம் எடுத்து வையுங்கள். துருப்பிடித்து வந்தபோது ஒன்று, முடித்துக் கொடுத்தபோது ஒன்று. அதில் உங்கள் பெயரைப் போடுங்கள். கவசம் கேளுங்கள், அதைக் கூலியோடு சேர்த்துப் பேசுங்கள். பெயரைக் கேட்டு வாங்காமல் இந்த நாட்டில் நமக்கு யாரும் பெயர் கொடுத்ததில்லை.

ஜெய்பீம்.